பார்த்துப் படித்தால் பரிசு!

"பாட்டி! எங்கள் கோஷ்டிக்குப் பரிசு கிடைத்துவிட்டது!"

அமெரிக்காவில் இருந்து பேத்தி பேசுகிறாள். முகப்பேரில் பாட்டி கேட்கிறாள்.

"எதற்கடி பரிசு? நாடகத்துக்கா?"

"நாடகம் இல்லை பாட்டி."

"அப்படியானால் பாட்டா?"

"பாட்டும் இல்லை. நாங்கள் எட்டுப் பேர். கையில் தாளை வைத்துக்கொண்டு ஒரு கதையைப் படித்தோம்."

"தாளைப் பார்த்தா படித்தீர்கள்?"

"ஆமாம்."

பாட்டி தாத்தாவைத் திரும்பிப் பார்க்கிறாள். பார்த்துப் படிப்பதற்கு ஒரு பரிசா!

மகன் ஒரு தேசம், மகள் ஒரு தேசம் என்று அனுப்பிவிட்டு, செல்போனில் பேரப்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கும் வீடுகள் முகப்பேரில் எத்தனையோ. அந்த வீடுகளில் இப்படி ஒரு பேச்சு நடந்தால் ஆச்சரியம் இல்லை. பாட்டியின் சந்தேகமும் நியாயமானதுதான். நம் ஊர் வழக்கப்படி, மேடையில் ஏறினால் தாளைத் தொடக்கூடாது. பார்த்துப் படித்தால் "இவனுக்கு மனப்பாடம் ஆகவில்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

ஆனால், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இது ஒரு தனிப் போட்டி. "ரீடர்ஸ் தியேட்டர்" என்பது அதன் பெயர். "படிப்பவர்களின் நாடகம்" என்று தமிழில் சொல்லலாம். சில மாநிலங்களில் இதையே "குழு வாசிப்பு" என்ற பொருளில் வேறு பெயரால் அழைக்கிறார்கள்.

பேச்சுத் திருவிழா

அமெரிக்காவில் பள்ளிப் பேச்சுப் போட்டி ஒரு பெரிய திருவிழா மாதிரி.

1925-ம் ஆண்டு, விஸ்கான்சின் மாநிலத்தில் உள்ள ரிப்பன் கல்லூரியில் புருனோ ஜேக்கப் என்ற ஆசிரியர், பேச்சில் கெட்டிக்காரர்களான பள்ளி மாணவர்களுக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினார். (நம் சென்னை ரிப்பன் மாளிகைக்கும் இந்தக் கல்லூரிக்கும் சம்பந்தம் இல்லை. பெயர்தான் ஒன்று.) பெயர் மாறினாலும் அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது. அதற்கு முன்பே பல மாநிலங்களில் தனித்தனிச் சங்கங்கள் இருந்தன.

தனியாகப் பேசுவது, எதிர் எதிராக நின்று வாதாடுவது, கதை சொல்வது என்று போட்டிகள் பல. அவற்றில் ஒன்றுதான் குழுவாகப் படிப்பது.

அயோவா என்று ஒரு மாநிலம். சோளம் விளையும் ஊர். அங்கே குழுப் போட்டிகள் குளிர்காலத்தில் நடக்கும். முதலில் வட்டாரப் போட்டி. அதில் தேறினால் மாநிலப் போட்டி. அங்கே நடுவர்கள் "இது மிகச் சிறந்தது" என்று தேர்ந்தெடுக்கும் குழுக்களை மட்டும் ஒரு விழாவுக்கு அழைப்பார்கள். அந்த விழாவில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குழுவுக்குக் கொடி கொடுப்பார்கள். அந்தக் கொடியைப் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கவிடுவதில் அவர்களுக்கு அவ்வளவு பெருமை!

கண் எங்கே?

மேடையில் சிலர் நிற்பார்கள். அல்லது முக்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். கையில் கறுப்பு அட்டை. அட்டைக்குள் கதை. பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே நிற உடை. கிரீடம் இல்லை, தாடி இல்லை, வாள் இல்லை. திரைச்சீலையில் அரண்மனையும் இல்லை.

ஒருவர் கதை சொல்லியாக இருப்பார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒரே ஆள் இரண்டு, மூன்று பாத்திரங்களைப் படிப்பதும் உண்டு. குரலை வைத்துத்தான் வித்தியாசம் தெரியவேண்டும்.

எடுத்துக்கொள்ளும் கதை, பெரும்பாலும் அச்சில் வந்த ஒன்றாக இருக்கவேண்டும். அதை நேரத்துக்குத் தக்கபடி வெட்டிக்கொள்ளலாம். எழுதியவர் பெயரைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடவேண்டும். இத்தனை நிமிஷம் என்று கணக்கு உண்டு. மீறினால் தண்டனை.

இதில் ஒரு வேடிக்கையான வழக்கம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கலை புரியும்.

தாயும் மகனும் சண்டை போடும் காட்சி என்று வைத்துக்கொள்வோம். நாடகத்தில் என்றால் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுவார்கள். இங்கே அப்படி இல்லை. தாயாகப் படிப்பவள் மகனைப் பார்ப்பதில்லை. மகனாகப் படிப்பவன் தாயைப் பார்ப்பதில்லை. இருவருமே நேராகப் பார்க்கிறார்கள். கூட்டத்தின் தலைக்கு மேலே, எதிர்ச் சுவரில், ஏதோ ஒரு புள்ளியை!

மகன் அங்கே நிற்பதாக நினைத்துத் தாய் பேசுகிறாள். தாய் அங்கே நிற்பதாக நினைத்து மகன் பதில் சொல்கிறான். முதல் இரண்டு நிமிஷம் விசித்திரமாக இருக்கும். அப்புறம் ஒரு மாற்றம். சண்டை மேடையில் நடக்கவில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில், நமக்கு நடுவே நடக்கிறது! தாயின் முகத்தைக் கேட்பவரே வரைந்துகொள்கிறார். ஒவ்வொருவருக்கும் அவரவர் தாய் முகம்.

ஒரு பாத்திரம் வெளியே போகவேண்டுமா? படிப்பவர் தலையைக் குனிந்துகொள்வார். அல்லது கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். அவ்வளவுதான், ஆள் போய்விட்டார். திரும்பினால் வந்துவிட்டார்.

(சில மாநிலங்களில் அசைவும் ஆட்டமும் சேர்ந்து, இது நாடகத்துக்கு மிகவும் பக்கத்தில் போய்விட்டது. அது வேறு கதை.)

நான்கு முக்காலிகள்

இந்தக் கலை அமெரிக்காவில் பிரபலம் ஆனதற்கு ஒரு சினிமா நடிகர் முக்கிய காரணம்.

அவர் பெயர் சார்லஸ் லாட்டன். பருத்த உடம்பு, கனத்த குரல். 1951-ம் ஆண்டு அவர் இன்னும் மூன்று பிரபல நடிகர்களைச் சேர்த்துக்கொண்டார். சார்லஸ் பாயர், செட்ரிக் ஹார்ட்விக், ஆக்னஸ் மூர்ஹெட் என்ற அம்மையார். நால்வரும் விருந்துக்குப் போவது போல உடுத்திக்கொண்டு மேடைக்கு வந்தார்கள். நான்கு முக்காலி. நான்கு மைக். புத்தகம் வைக்க நான்கு தாங்கி. வேறு ஒன்றும் இல்லை.

அவர்கள் எடுத்துக்கொண்டது, பெர்னார்ட் ஷா எழுதிய ஒரு பெரிய நாடகத்தின் மூன்றாவது அங்கம். அது நரகத்தில் நடக்கும் ஒரு நீண்ட வாதம். நாடகம் போடுகிறவர்கள் "இது நீளம், ஜனங்கள் தூங்கிவிடுவார்கள்" என்று அதை வெட்டிவிடுவதுதான் வழக்கம். நால்வரும் அதையே படித்தார்கள். ஊர் ஊராகப் போனார்கள். கூட்டம் தாங்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் நியூயார்க் நகரத்தின் பிரபல கார்னகி மண்டபத்திலும் படித்தார்கள். ஷா அதைப் பார்க்க உயிரோடு இல்லை. முந்திய ஆண்டுதான் இறந்திருந்தார்.

இதில் ஒரு ரகசியம். நால்வருக்கும் வசனம் மனப்பாடம்! ஆனாலும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். பக்கங்களைத் திருப்பினார்கள். "நாங்கள் நடிக்கவில்லை, உங்களுக்கு ஒரு புத்தகத்தைப் படித்துக் காட்டுகிறோம்" என்று சொல்வதற்கு அந்தப் புத்தகம் வேண்டியிருந்தது.

1953-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி, அதே நியூயார்க் நகரத்தில் இன்னொரு சம்பவம். வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ், கடலோரத்துக் கற்பனை ஊர் ஒன்றைப் பற்றி எழுதிய நாடகத்தை ஐந்து நடிகர்களுடன் சேர்ந்து படித்தார். கூட்டம் வந்து உட்காரும் நேரம் வரை அவர் எழுதி முடிக்கவில்லை! கடைசி வரிகளைக் கடைசி நேரத்தில் எழுதிக் கொடுத்தார். மனப்பாடம் செய்யவேண்டிய நாடகமாக இருந்தால் நடிகர்கள் ஓடியிருப்பார்கள். தாளைப் பார்த்துப் படிப்பது ஆகையால் தப்பித்தார்கள். யாரோ மேடைத் தரையில் ஒரு மைக்கை வைத்துப் பதிவு செய்தார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, நவம்பரில் டிலன் தாமஸ் இறந்துபோனார். அந்தக் குரல் மட்டும் மிஞ்சியது.

யாழ்ப்பாணத்துக் கோயிலில்

"இது வெள்ளைக்காரன் சமாசாரம்" என்று நினைத்துவிட வேண்டாம்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் படிப்பது வெகுகால வழக்கம். இருவர் உட்காருவார்கள். நடுவே புத்தகம். ஒருவர் பாட்டை ராகத்தோடு படிப்பார். அவர் நிறுத்தியதும் மற்றவர் அதற்குப் பொருள் சொல்லுவார். "பயன் சொல்வது" என்று அங்கே பெயர். ஒருவர் முடிக்கும் இடத்தை மற்றவர் பிடிக்கவேண்டும். பாட்டுக்காரர் ஒரு சொல்லை அழுத்தினால், பயன் சொல்பவர் அதை விடக்கூடாது. கேட்டுக்கொண்டு இருப்பவர்களில் பாதிப்பேருக்குக் கதை முழுவதும் தெரியும். தப்பு வந்தால் அப்போதே தலை நிமிரும்!

தமிழ்நாட்டுக் கிராமங்களில் "பெரிய எழுத்து"ப் புத்தகங்கள் இருந்தன. நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை, அல்லி அரசாணி மாலை. எழுத்து ஏன் பெரிசு? மங்கிய விளக்கு வெளிச்சத்திலும் படிக்கவேண்டும். அப்போதுதான் எழுத்துக் கூட்டக் கற்றவரும் படிக்கவேண்டும். திண்ணையில் ஒருவர் படிப்பார். சுற்றிலும் பத்துப் பேர், இருபது பேர். நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் இடம் வந்தால் படிப்பவருக்கே தொண்டை அடைத்துக்கொள்ளும்.

டீக்கடையில் பத்திரிகை படித்ததும் இப்படித்தான். ஒருவர் உரக்கப் படிப்பார். படிக்கத் தெரியாதவர்கள் டீயை ஆற்றிக்கொண்டு கேட்பார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டே எழுத்தின் மேல் ஆசை வந்து, படிக்கக் கற்றவர்கள் உண்டு.

அப்புறம் வானொலி. 1938-ம் ஆண்டு ஜூன் 16-ந் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது. வானொலி நாடகத்தில் நடிகர்கள் மைக்கைச் சுற்றி நின்று, தாளைப் பார்த்துத்தான் படித்தார்கள். தாள் புரளும் சத்தம் மைக்கில் விழக்கூடாது. அதுதான் அங்கே முதல் பாடம். குதிரை வரவேண்டும் என்றால் இரண்டு தேங்காய்ச் சிரட்டை! கேட்டவர்கள் குதிரையைப் பார்த்தார்கள்.

ஆக, தாளைப் பார்த்துப் படித்துக் கூட்டத்தைக் கட்டிப்போடுவது நமக்குப் புதிசு அல்ல. பள்ளிக்கூட மேடைக்குத்தான் அது வரவில்லை.

மறந்துபோகும் பிள்ளை

நம் பள்ளி விழாக்களில் பெரும்பாலும் மனப்பாடத்துக்கே மரியாதை. திருக்குறள் ஒப்புவித்தல், செய்யுள் ஒப்புவித்தல், எழுதிக் கொடுத்ததை ஒப்புவிக்கும் பேச்சுப் போட்டி. மனப்பாடம் கெட்டது என்று யாரும் சொல்லமுடியாது. சிறு வயதில் பாடம் செய்த குறள் கிழவயதிலும் துணைக்கு வரும்.

ஆனால், ஒரு காட்சி எல்லோரும் பார்த்தது. மேடையில் ஒரு பிள்ளை. நாலு வரி நன்றாகச் சொல்கிறது. ஐந்தாவது வரியில் நின்றுவிடுகிறது. மறுபடி முதலில் இருந்து தொடங்குகிறது. அதே இடத்தில் மறுபடி நிற்கிறது. கண்ணில் நீர் முட்டுகிறது. வாத்தியார் ஓரத்தில் இருந்து வாயை அசைக்கிறார். முன்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். பிள்ளை இறங்கிப் போகிறது. மறு ஆண்டு அந்தப் பிள்ளை பெயர் கொடுப்பது இல்லை.

வகுப்பிலும் இதே கதைதான். "எழுந்து படி" என்றால் சில பிள்ளைகளுக்கு உடம்பு நடுங்கும். ஒரு சொல் தட்டினால் வகுப்பே சிரிக்கும். அப்புறம் அந்தப் பிள்ளை வாய்க்குள்ளேயே படிக்கும். வாய்க்குள் படிப்பவனுக்கு எது தெரியும், எது தெரியாது என்று வாத்தியாருக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது.

குழுவாகப் படிக்கும்போது இந்தப் பயம் பாதி குறைகிறது. கையில் தாள் இருக்கிறது. மறக்க வழி இல்லை. பக்கத்தில் ஏழு பேர் இருக்கிறார்கள். தன் பங்கு மூன்று வரிதான்.

இன்னொரு லாபமும் உண்டு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் மூன்று ஆய்வாளர்கள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். பத்து வாரம். தினமும் அரை மணி நேரம். திங்கட்கிழமை புதுக் கதை. வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் படித்துக் காட்டவேண்டும். முடிவு 1998-99-ல் வெளியாயிற்று. பிள்ளைகள் படிக்கும் வேகம் நிமிஷத்துக்குச் சராசரி 17 சொல் கூடியிருந்தது. இப்படிப் படிக்காத வகுப்புகளில் அந்த அளவு கூடவில்லை.

காரணம் எளிது. "இந்தப் பாடத்தை இருபது தடவை படி" என்றால் எந்தப் பிள்ளை படிக்கும்? வெள்ளிக்கிழமை மேடை ஏறவேண்டும் என்றால் முப்பது தடவை படிக்கும்!

முகப்பேரில் முடியுமா?

முகப்பேரில் பள்ளிக்கூடங்களுக்குப் பஞ்சம் இல்லை. ஒரு பக்கம் பெரிய தனியார் பள்ளிகள், இன்னொரு பக்கம் அரசுப் பள்ளி. "மகப்பேறு" என்பதுதான் முகப்பேர் ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். பிள்ளை வரம் கேட்டு சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கு இன்றும் தம்பதிகள் வருகிறார்கள். ஏரி இருந்த இடத்துக்கு "ஏரித் திட்டம்" என்ற பெயர் மட்டும் மிச்சம். 2011-ம் ஆண்டு அம்பத்தூரோடு சேர்ந்து இந்த ஊரும் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது.

தமிழ்நாடு அரசு 2022-ம் ஆண்டில் அரசுப் பள்ளிகளுக்குக் "கலைத் திருவிழா" தொடங்கியது. பாட்டு, நடனம், நாடகம், ஓவியம் என்று ஏராளமான போட்டிகள். மாநில அளவில் ஜெயித்தவர்களுக்குக் "கலையரசன்", "கலையரசி" என்று பட்டம். நல்ல ஏற்பாடு. ஆனால் நடனத்துக்கு உடை வேண்டும். நாடகத்துக்கு ஒப்பனை வேண்டும். உடை வாடகைக்குப் பணம் இல்லாமல் பின்வாங்கும் பிள்ளைகள் உண்டு.

படிப்பவர்களின் நாடகத்துக்கு வேண்டியது எட்டு நகல் தாளும் எட்டு அட்டையும். ஒத்திகைக்கு மொட்டை மாடி போதும்.

எந்தக் கதை? சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் சபையில் வழக்காடும் இடம் இதற்கென்றே எழுதியது மாதிரி இருக்கிறது. நம் வீட்டில் எல்லோருக்கும் கதை தெரியும். வசனம் தெளிவு. ஆட்கள் குறைவு. கதை சொல்லிகள் இருவர். வாயில் காப்போன் ஒருவன். பாண்டியன், கோப்பெருந்தேவி, கண்ணகி. மீதி இருவர் மதுரை ஜனங்கள்.

கூச்சப்படும் பிள்ளைக்கு வாயில் காப்போன் வேலையைக் கொடுக்கவேண்டும். தலைவிரி கோலமாக ஒரு பெண் வாசலில் நிற்கிறாள் என்று அரசனுக்குச் சொல்வது அவன்தான். மூன்று வரிதான். ஆனால் அவன் குரலில் பயம் இருந்தால்தான் கண்ணகி எப்படி வந்திருக்கிறாள் என்பது கூட்டத்துக்குத் தெரியும். கூச்சப்படும் பிள்ளையின் குரல் தானாகவே நடுங்கும். அங்கே அந்த நடுக்கம்தான் நடிப்பு! அடுத்த மாதம் அவனே பாண்டியனாகப் படிக்கலாம்.

கண்ணகியாகப் படிக்கும் பெண் கத்தக்கூடாது. சினிமா பார்த்த பழக்கத்தில் எடுத்த எடுப்பிலேயே கத்திவிட்டால், சிலம்பை உடைக்கும்போது கத்த ஒன்றும் மிச்சம் இருக்காது. முதலில் ஊரையும் பெயரையும் நிதானமாகச் சொல்லவேண்டும். அரசனும் நிதானமாகவே பதில் சொல்லவேண்டும். கள்வனைக் கொன்றது நீதி என்று அவன் அப்போது மனதார நம்புகிறான். அவனை வில்லனாகப் படித்தால் காட்சி கெட்டுப்போகும்.

என் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எங்கள் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன். சிலம்பு வருகிறது.

மேடையில் சிலம்பு கிடையாது. எப்படி உடைப்பது?

கதை சொல்லி "உடைத்தாள்" என்று ஒரே சொல்லைச் சொல்கிறார். எட்டுப் பேரும் ஒரே நொடியில் கையில் உள்ள அட்டையை மூடுகிறார்கள். "டப்!" மூன்று நொடி மவுனம். பிறகு ஜனங்களில் ஒருவர் மெல்லிய குரலில் "மாணிக்கம்" என்கிறார். அரசனாகப் படித்தவன் தலை கவிழ்கிறது. தேவியாகப் படித்தவள் தலையும் கவிழ்கிறது. இருவரும் அப்புறம் நிமிர்வது இல்லை.

இந்த "டப்" சத்தம்தான் கஷ்டம். ஏழு அட்டை மூடி, எட்டாவது அரை நொடி பிந்தினால் கூட்டம் சிரித்துவிடும். யாரும் யாரையும் பார்க்கக்கூடாது. கண் எதிர்ச் சுவரில் இருக்கவேண்டும். கதை சொல்லி மூச்சை இழுப்பதைக் காதால் கேட்டுத்தான் எட்டுக் கையும் அசையவேண்டும். முதல் நாள் எட்டுச் சத்தம் தனித்தனியாகக் கேட்கும். நாலாவது நாள் மூன்று சத்தம். பத்தாவது நாள் ஒரு சத்தம் கேட்டால் குழு மேடை ஏறலாம்.